எத்தனை தடவை சொல்லிக்கொடுத்தாலும் அம்மாவுக்கு ஸ்மார்ட்போன் பழகவில்லை. வேறு எப்படித்தான் கற்றுக்கொடுப்பது?

காரைக்குடியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், ஊரில் பெரியவர்கள் மட்டும். லீவுக்கு வரும் பிள்ளை புது ஃபோன் வாங்கிக் கொடுத்து, ஒரே சாயங்காலத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு ரயிலேறிவிடும். மறுநாள் அந்த ஃபோன் என் கடைக்கு வந்துவிடும்.

அம்மாவுக்கு மறதி என்று முடிவு கட்டாதீர்கள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் செய்தோம் என்று இன்றைக்கும் சொல்கிறவர்களுக்கு நாலு பட்டன் மறக்குமா? சொல்லிக்கொடுத்தபோது ஃபோன் யார் கையில் இருந்தது? உங்கள் கையில்தானே! "இங்க பாருங்கம்மா, இப்படி, இப்படி, அவ்வளவுதான்" என்று உங்கள் விரல் ஓடுகிற வேகத்துக்கு அவர் கண் ஓடாது. ஃபோனை அவரிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்லுங்கள். பொறுமை போகும், போகட்டும்.

அப்புறம் ஒரு நோட்டு. பர்மா, மலேயா வரை போய்ப் பேரேடு எழுதிய ஊர் இது. எழுதி வைத்தால்தான் இங்கே பெரியவர்களுக்கு நம்பிக்கை. ஆனால் நீங்கள் எழுதித் தராதீர்கள், அவரே எழுதட்டும், அவர் சொல்லிலேயே. ஒரு பக்கத்துக்கு ஒரு வேலை. கடைக்கு வரும் பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் வீடியோ கால் பக்கத்துக்கு 'மகன் முகம்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார். ஆப் அப்டேட் ஆகிப் படம் இடம் மாறினால் பழையதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொள்கிறார். என்னிடம் வருவதே இப்போது குறைந்துவிட்டது, எனக்குத்தான் நஷ்டம்!

கடைக்கு அதிகம் வரும் புகார், "தம்பி, ஆப்பு காணாமப் போச்சு." ஆப் எங்கேயும் போயிருக்காது. பழைய பட்டன் ஃபோன் பழக்கத்தில் பெரியவர்கள் அழுத்தி, கொஞ்ச நேரம் பிடித்தே வைத்திருப்பார்கள். ஸ்மார்ட்போன் அதை 'நகர்த்தப் போகிறார்' என்று எடுத்துக்கொள்ளும், படம் எங்கோ போய் ஒட்டிக்கொள்ளும். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குள் போய், தொட்டுப் பிடிக்கும் நேரத்தை நீளமாக்குங்கள். சில ஃபோன்களில் முகப்புத் திரையைப் பூட்டி வைக்கவும் வழி இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்குங்கள். வயதாக ஆக விரல் நுனி வறண்டுபோகும், திரை தொடுதலைச் சரியாக எடுக்காது. அதன்மேல் தடிமனான கண்ணாடி வேறு ஒட்டிக் கொடுத்தால் இன்னும் மோசம். தட்டச்சு வராவிட்டால் விடுங்கள், கூகுள் கீபோர்டில் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினால் அதுவே எழுதிவிடும். ரேகை தேய்ந்துபோன பென்ஷன்காரர்கள் உயிர்வாழ்வுச் சான்றுக்கு முகத்தைக் காட்டினாலே போதும், 2021இலிருந்து ஃபோனிலேயே அந்த வசதி உண்டு.

பழைய வீடாக இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். சுவர்களின் கனத்துக்கு வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டு வரை சிக்னலே எட்டாது. 'எனக்கு இது வராது' என்று ஃபோனைத் தூக்கி வைத்துவிட்ட ஒரு ஐயாவை முற்றத்துக்குக் கூட்டிவந்து பேசச் சொன்னேன், கணீரென்று கேட்டது.

முதலில் எதைச் சொல்லிக்கொடுப்பது? அவருக்கு எது வேண்டுமோ அதை. சென்னையிலிருந்து ராத்திரி வரும் பல்லவன் ரயில் இப்போது எங்கே ஓடுகிறது என்று பார்க்கத் தெரிந்தால், பேரனுக்காகக் காத்திருக்கும் ஆயா தினமும் ஃபோனைத் தொடுவார். அந்தப் பழக்கம் வந்தபிறகு மற்றதெல்லாம் தானாக வரும்.

பணம் அனுப்புவதைக் கடைசியில் வையுங்கள். சேமிப்பு மொத்தமும் கிடக்கிற கணக்கை ஃபோனில் இணைக்க வேண்டாம். சின்னத் தொகை போட்ட தனிக் கணக்கு போதும். அல்லது 2024இல் வந்த யுபிஐ சர்க்கிளைப் பாருங்கள். அம்மா கடையில் ஸ்கேன் செய்வார், உங்கள் ஃபோனுக்குக் கேள்வி வரும், நீங்கள் உங்கள் ரகசிய பின் நம்பரைப் போட்டால்தான் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகும். சில அம்மாக்களுக்கு இது பிடிக்காது, 'நான் சாமான் வாங்க அவன் அனுமதியா' என்பார்கள். அதுவும் நியாயம்தான், அவரிடமே கேட்டுச் செய்யுங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், மூன்று வரி இருக்கட்டும். நம் கணக்குக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் நம்பர் தேவையே இல்லை. ஓடிபி யார் கேட்டாலும் சொல்லக்கூடாது, பேங்க் மேனேஜரே கேட்டாலும். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு மிரட்டினால் கட் பண்ணு, அப்படி ஒரு கைது சட்டத்திலேயே கிடையாது. அதன் கீழே 1930, சைபர் மோசடிப் புகாருக்கான நம்பர். பணம் போய்விட்டது என்று தெரிந்தவுடன், உங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால், அந்த நம்பரைத்தான் அவர் கூப்பிட வேண்டும். பின் நம்பரை மட்டும் அந்த நோட்டில் எழுத விடாதீர்கள்.