புரோன்ஸ் என்று எழுதியிருந்தால் வெண்கலம்தானா?

கேள்வி: பாரிஸ் புறநகரில் இருக்கிறேன். அடுத்த வாரம் இங்குள்ள துருவோ ஏலக்கூடத்தில் ஒரு பழைய மேசை மணிக்கூடு ஏலத்துக்கு வருகிறது. மேலே ஒரு பெண் சிலை. பட்டியலில் ‘பத்தின் புரோன்ஸ், தாப்ரே ஓகுஸ்த் மொரோ, ஸ்தீல் லூயி 15, ஜாப்பி மெஷின்’ என்று போட்டு 300 முதல் 400 யூரோ என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். பின்பக்க மெஷினில் 1855 என்று பொறித்திருக்கிறது. தமிழ்க் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் அறிமுகமான ஓர் ‘எக்ஸ்பேர்’ (கலைப் பொருள் நிபுணர்), இது 170 வருடப் பழசு, ஐந்து வருடத்தில் இரட்டிப்பாகும், 10 சதவீதம் கொடுத்தால் எனக்காகத் தானே ஏலம் கேட்பதாகச் சொல்கிறார். அதே ஏலத்தில் 1809ஆம் ஆண்டு நெப்போலியன் பதக்கம் ஒன்றும் இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: மணிக்கூடு கண்ணுக்குப் பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் வெண்கலம் என்று நம்பி வாங்காதீர்கள். பட்டியல் எழுதியவரே அதை வெண்கலம் என்று சொல்லவில்லை! ‘பத்தின் புரோன்ஸ்’ என்றால் வெண்கலம் போன்ற மேற்பூச்சு, அவ்வளவுதான். உள்ளே இருப்பது பெரும்பாலும் ரெகூல், அதாவது துத்தநாகமோ ஈயமோ கலந்த, குறைந்த சூட்டிலேயே உருகும் மலிவான கலவை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வீட்டுக்கு வீடு அடுப்பு மாடத்தின் மேல் ஒரு சிலை மணிக்கூடு வேண்டும் என்று ஆசை வந்தபோது, வெண்கலத்துக்குக் காசு இல்லாதவர்களுக்காகவே இதை ஆயிரக்கணக்கில் வார்த்துத் தள்ளினார்கள்.

மற்ற இரண்டு வார்த்தைகளும் அதே ரகம். பிரான்சில் 1981 மார்ச்சில் வந்த அரசாணை ஒன்று, பட்டியலில் எந்தச் சொல் எதற்கு உத்தரவாதம் என்று வரையறுத்து வைத்திருக்கிறது. ‘எபோக் லூயி 15’ என்று எழுதினால் அந்த அரசர் காலத்தில் செய்தது என்று பொறுப்பேற்கிறார்கள். ‘ஸ்தீல் லூயி 15’ என்றால் அந்தப் பாணி, நேற்றுச் செய்ததாகவும் இருக்கலாம். ‘தாப்ரே’ என்றால் அந்தக் கலைஞரின் படைப்பைப் பார்த்துச் செய்தது, அவர் கை பட்டதற்கு உத்தரவாதம் கிடையாது. தவறாக விவரித்து விற்றால் ஐந்து வருடம் வரை ஏலக்காரர் மேல் வழக்குப் போடலாம் என்று சட்டம் சொல்கிறது, சரி, ஆனால் உங்கள் பட்டியலில் தவறாக எதுவுமே எழுதவில்லையே! எல்லாம் உண்மை, வாசிக்கத் தெரியாதவன் ஏமாறுவான், அவ்வளவுதான் இங்கே நடக்கிற நியாயம்.

‘தாப்ரே’யைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சொல்லைக் கண்டதும் ஓடி, நல்ல பொருளை விட்டுவிடுவீர்கள். ஃபெர்தினான் பார்பெதியன் என்ற பட்டறைக்காரர், கொலா என்பவர் கண்டுபிடித்த யந்திரத்தை வைத்து, மைக்கேலாஞ்சலோ சிலைகளையும் பழைய கிரேக்கச் சிலைகளையும் அளவு குறைத்து வெண்கலத்தில் வார்த்து விற்றார். மைக்கேலாஞ்சலோ ஓரடிச் சிலையாக அதைச் செய்யவில்லை, ஆகவே அவற்றுக்குத் ‘தாப்ரே’ என்று எழுதுவதுதான் நேர்மை. அங்கே நீங்கள் தேட வேண்டியது கலைஞரின் கையெழுத்தை அல்ல, பட்டறையின் பெயரை. பீடத்தின் விளிம்பில் ‘எஃப். பார்பெதியன்’ என்று செதுக்கியிருக்கும், பக்கத்தில் கொலாவின் வட்ட முத்திரை இருக்கும். ‘சூஸ்’ பட்டறையும் அப்படித்தான். அந்தப் பெயர்கள் இருந்தால் ‘தாப்ரே’ குறையே அல்ல. உங்கள் மணிக்கூட்டில் பட்டறைப் பெயர் எதுவும் இல்லை என்று நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிகிறது. மொரோ என்பதோ ஒரு குடும்பமே, அண்ணன் தம்பி பிள்ளைகள் எல்லோரும் சிற்பிகள். அந்தப் பெயரை ரெகூல் சிலைகளில் தாராளமாக ஒட்டியிருக்கிறார்கள்.

1855 கதைக்கு வருவோம். அது செய்த வருடம் அல்ல, பரிசு வாங்கிய வருடம். 1855இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் ஜாப்பி கம்பெனிக்குப் பெரிய கௌரவப் பதக்கம் கிடைத்தது, அதைப் பல வருடங்களாகத் தங்கள் மெஷின் தகட்டில் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். ஆக, 1855க்கு முந்தியது அல்ல என்பது மட்டும் நிச்சயம். வயதை அறிய இன்னொரு வழி, பின்கதவைத் திறந்து பென்டுலம் எதில் தொங்குகிறது என்று பார்ப்பது. பட்டு நூலில் தொங்கினால் பழசு. மெல்லிய எஃகுத் தகட்டில் தொங்கி, முகப்பில் 12க்கு மேலே சின்னச் சாவித் துளை ஒன்று இருந்தால் அது புரோக்கோ அமைப்பு, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு அப்புறம் வந்தது.

உலோகத்தை நேரில் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். ஏலத்துக்கு முதல் நாள் துருவோவில் எல்லோருக்கும் திறந்து வைப்பார்கள், கட்டணம் இல்லை. போய், பணியாளரிடம் சொல்லி மணிக்கூட்டைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்பட வேண்டாம், அது அவர்கள் வேலை. கைப்பேசி வெளிச்சத்தை அடிப்பக்கத் திருகு ஓட்டைகளின் ஓரத்தில் பிடியுங்கள். அங்கே பூச்சு உரிந்திருக்கும். மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ மின்னினால் வெண்கலம் அல்லது பித்தளை. சாம்பல் வெள்ளையாக இருந்தால் ரெகூல், பேச்சு முடிந்தது. சிலையின் மணிக்கட்டு, கணுக்கால் இவற்றையும் பாருங்கள், ரெகூல் அங்கேதான் முறியும், ஒட்டிப் பூசியிருப்பார்கள். கத்தியால் சுரண்டி மட்டும் பார்க்காதீர்கள், பொருள் இன்னும் உங்களுடையது அல்ல. யாராவது காந்தத்தை வைத்து ‘பாருங்கள், ஒட்டவில்லை, வெண்கலம்தான்’ என்று காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். துத்தநாகத்திலும்தான் காந்தம் ஒட்டாது!

நானும் ஏமாந்தவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில் வெளியூர் ஏலம் ஒன்றில் பரீ என்ற சிற்பி செய்த வெண்கலச் சிங்கம் என்று ஒன்றை எடுத்தேன். வீட்டில் வைத்து அளந்தால் உண்மையான வார்ப்பைவிடச் சில மில்லிமீட்டர் குட்டை. வெண்கலம் ஆறும்போது சுருங்கும், ஆகவே ஒரு சிலையின் மேலேயே அச்சு எடுத்து மறுபடி வார்த்தால் அடுத்தது சற்றுச் சிறியதாக வரும், பிடரி மயிரின் கோடுகளும் மழுங்கிப் போகும். அன்றிலிருந்து சட்டைப்பையில் அளவுநாடா இல்லாமல் நான் ஏலத்துக்குப் போவதில்லை.

இனி அந்த எக்ஸ்பேர். இந்த நாட்டில் பூலாஞ்சரி, அதாவது ரொட்டிக்கடை, என்று கடைக்குப் பெயர் வைக்க வேண்டுமானால் மாவை அங்கேயே பிசைந்து அங்கேயே சுட வேண்டும், 1998லிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. ஆனால் கலைப் பொருட்களுக்கு ‘எக்ஸ்பேர்’ என்று அட்டை அடித்துக்கொள்ள எந்தச் சட்டமும் தடுக்காது. ரொட்டிக்கு உள்ள காவல் உங்கள் பணத்துக்கு இல்லை. எத்தனை வருடமாகச் சொல்கிறோம், யார் கேட்கிறார்கள்! உங்களுக்காக ஏலம் கேட்க ஆள் எதற்கு? ‘ஓர்த்ர் தாஷா’ என்ற படிவத்தில் உங்கள் உச்சத் தொகையை எழுதிக் கொடுத்தால் ஏலக்காரரே கேட்பார், வழக்கமாக அதற்குக் கூலி இல்லை. தரகருக்கோ விலை ஏற ஏறத்தான் 10 சதவீதமும் ஏறும், குறைந்த விலைக்கு எடுத்துத் தர அவருக்கு என்ன அவசரம்?

இரட்டிப்புக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஏலக்காரரின் சுத்தியல் 300 யூரோவில் விழுந்து ஏலம் முடிந்தால் நீங்கள் கொடுப்பது 300 அல்ல. வாங்குபவர் கட்டணம் 25 முதல் 30 சதவீதம் வரை மேலே ஏறும், ஆக 390 வரை போகும். இணையத்தில் கேட்டால் அதற்கும் தனியாகக் கொஞ்சம். பிறகு விற்கும்போது விற்பவர் கமிஷன் என்று மறுபடி பிடிப்பார்கள். ரெகூல் மணிக்கூட்டுக்கு 300 நான் கொடுக்க மாட்டேன், ஓடுகிற மெஷின் என்றால் 150இல் நிறுத்திக்கொள்வேன். மெஷின் நல்லது, ஜாப்பி உழைக்கும்.

பதக்கத்தின் முகத்தைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள். பாரிஸ் நாணயச் சாலை 1832 முதல் விளிம்பில் ஒரு குறி அடிக்கிறது. சுட்டுவிரல் நீட்டிய கை என்றால் 1845க்கும் 1860க்கும் இடையில், தேனீ என்றால் 1860க்கு அப்புறம், கனி நிறைந்த கொம்பு என்றால் 1880 முதல் இன்று வரை. 1809 என்று முன்னால் போட்டு விளிம்பில் கொம்பு இருந்தால், பழைய அச்சை வைத்துப் பின்னால் அடித்தது. அது போலி அல்ல, நாணயச் சாலையே அடித்ததுதான், ஆனால் நெப்போலியன் காலத்து விலை அதற்குக் கிடையாது. விளிம்பில் குறியே இல்லாவிட்டால் எனக்குப் படம் அனுப்புங்கள், அதற்கு முன் கையைத் தூக்காதீர்கள்.

மணிக்கூடு கிடைத்துவிட்டால் அன்றைக்கே எடுத்துப் போய்விடுங்கள், விட்டு வைத்தால் சேமிப்பு வாடகை போடுவார்கள். தூக்குவதற்கு முன் பின்கதவைத் திறந்து பென்டுலத்தைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். மாட்டியபடியே மெட்ரோவில் கொண்டுபோனால் முதல் குலுக்கலிலேயே அந்த மெல்லிய எஃகுத் தகடு முறியும்.