கிரெயின் ஃபோகஸர்: எத்தனை மடங்கு என்பதா முக்கியம்?

கேள்வி: வேலூரில் மூடப்பட்ட ஒரு ஸ்டுடியோவிலிருந்து என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழவைக்கும் கருவி) வாங்கி, குடியாத்தத்தில் வீட்டிலேயே டார்க் ரூம் போட்டிருக்கிறேன். 35 எம்.எம். நெகட்டிவிலிருந்து எட்டுக்குப் பத்து அங்குல பிரிண்ட் போட்டால் முகம் சரியாக ஷார்ப் ஆக மாட்டேன் என்கிறது. நெகட்டிவின் கிரெயினை, அதாவது படத்தின் நுண்துகள்களைப் பெரிதாகக் காட்டி ஃபோகஸ் பார்க்க உதவும் கிரெயின் ஃபோகஸர் வாங்க நினைக்கிறேன். ராணிப்பேட்டையில் ஒருவர் பழைய பேட்டர்சன் கம்பெனி ஃபோகஸர் ஒன்றைத் தருகிறார். ஆன்லைனில் 25 மடங்கு என்று புதியது ஒன்று வருகிறது. எதை வாங்கலாம்?

பதில்: பழையதையே வாங்குங்கள். ஆனால் படத்தை மேலே திருப்பிக் காட்டும் உள்கண்ணாடியைச் சோதிக்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கிரெயினைப் பார்க்க 10 மடங்கே போதும். மடங்கு ஏற ஏறப் படம் இருட்டிக்கொண்டே போகும். அடர்த்தியான நெகட்டிவ் என்றால் கிரெயினைத் தேட வேண்டியதுதான்.

இந்தச் சாமானின் உயிரே அந்தக் கண்ணாடிதான். ரசம் மேற்பரப்பிலேயே பூசியிருக்க வேண்டும். ஒரு தாளின் முனையை மெதுவாக அதன்மேல் கொண்டுபோங்கள். முனையும் பிம்பமும் ஒட்டி நின்றால் சரி. நடுவில் இடைவெளி தெரிந்தால், யாரோ உடைந்ததை எடுத்துவிட்டுச் சாதாரண முகக்கண்ணாடியை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதில் ஃபோகஸ் தப்பும், இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். நல்ல கண்ணாடியாக இருந்தாலும் துணியால் துடைக்காதீர்கள், ரசம் கீறிப்போகும். தூசியை ஊதிவிட்டாலே போதும்.

அப்புறம் ஐபீஸ், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் பகுதி. உள்ளே ஒரு மெல்லிய கோடு இருக்கும். முதலில் ஐபீஸைத் திருப்பி அந்தக் கோடு உங்கள் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும்படி வையுங்கள், பிறகுதான் என்லார்ஜரின் ஃபோகஸ் குமிழைத் தொட வேண்டும். பலர் இதைச் செய்யாமல் கருவியைத் திட்டுகிறார்கள். ஐபீஸ் இறுகிப்போய்த் திரும்பவில்லை என்றால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். லென்ஸை முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு லென்ஸ் திறப்பை எஃப் 8-க்குக் குறைத்துப் பிரிண்ட் போடுங்கள்.

உங்கள் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். விளக்குச் சூட்டில் நெகட்டிவ் லேசாக வளையும். ஃபோகஸ் செய்தபோது இருந்த இடத்தில் எக்ஸ்போஷரின்போது, அதாவது தாளில் வெளிச்சம் விழும்போது இருக்காது. மே மாதத்தில் அடைத்த அறையில் கேட்கவே வேண்டாம். விளக்கைச் சில நிமிடம் எரியவிட்டு, நெகட்டிவ் சூடேறி நின்ற பிறகு ஃபோகஸ் பாருங்கள். கையோடு பிரிண்டும் போட்டுவிடுங்கள். உங்கள் கோளாறு இதுவாகவே இருந்தால் ஃபோகஸர் வாங்கும் செலவே மிச்சம்.

சாதாரண ஃபோகஸரில் படத்தின் நடுப்பகுதிதான் தெரியும். ஓரம் வரை பார்க்க பீக் கம்பெனியின் பெரிய மாடல் போன்றவை வேண்டும், விலையும் அதற்கேற்றபடி இருக்கும். எட்டுக்குப் பத்துக்கு அது அதிகம். நடு ஷார்ப்பாகி ஒரு மூலை மட்டும் மங்கினால், முதலில் என்லார்ஜர் தலை நேராக நிற்கிறதா என்று மட்டம் வைத்துப் பாருங்கள்.

ராணிப்பேட்டைக்காரரிடம் ஒரு நாள் எடுத்துப்போய்ப் பார்த்துத் தருகிறேன் என்று கேளுங்கள். லென்ஸை முழுதாகத் திறந்தபடியே, ஃபோகஸர் காட்டிய இடத்தில் ஒரு பிரிண்ட், குமிழை ஒரு மயிரிழை மேலே திருப்பி ஒன்று, கீழே திருப்பி ஒன்று. முதலாவதுதான் மூன்றிலும் ஷார்ப் என்றால் பணத்தைக் கொடுத்துவிடலாம்.