வாசகர் கேள்வி – பதில்: தோட்டத்துக் களக்குறிப்பு ஆய்விதழுக்குப் போகும்போது

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் கள ஆய்வு செய்தவர்கள் அதைச் சமூக விஞ்ஞான ஆய்விதழ்களில் வெளியிட முயலும்போது எங்கே முட்டிக்கொள்கிறார்கள் என்பது பற்றியே இம்மாதக் கடிதங்களில் அதிகம் கேட்கப்பட்டிருந்தது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து ஆறு கேள்விகளாக்கியிருக்கிறோம்.

முதுதத்துவமாணி (எம்.பில்.) ஆய்வேட்டில் தோட்டப் பெண்களின் நுண்கடன் பற்றிய நான்காம் அத்தியாயத்தை ஆங்கிலமாக்கி ஒரு வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினேன். வசூல் நாள், அரைப்பேர் (கொழுந்து போதாமல் அரைநாள் சம்பளம்) விழும் மாதம், கடன் குழுவுக்குள் வரும் சண்டை எல்லாம் அதில் உண்டு. ஒன்பதே நாளில், மீளாய்வுக்கும் (துறை அறிஞர்கள் படித்துக் கருத்துச் சொல்லும் கட்டம்) போகாமல் திரும்பி வந்தது. 'விவரணை மட்டுமே' என்று ஒரு வரி. எங்கே பிழை?
— வாசகி, ஹட்டன்

ஒன்பது நாளில் வரும் மறுப்பு, ஆறு மாதம் கழித்து வருவதைவிட இலாபம். பதிப்பாசிரியர் ஆய்வுச் சுருக்கத்தையும் முதல் இரண்டு பக்கங்களையும் பார்த்துவிட்டு எடுக்கும் முடிவு இது. இந்தத் தோட்டத்தைப் பற்றி ஒன்றும் அறியாதவர் இதை ஏன் படிக்க வேண்டும் என்பதற்கான விடையை அவர் அந்தப் பக்கங்களில் தேடுகிறார். ஆய்வேட்டு அத்தியாயத்தில் அந்த விடை இருக்காது. கோட்பாடு இரண்டாம் அத்தியாயத்தில், முறையியல் மூன்றில், முடிவு கடைசியில் என்று பிரிந்து கிடக்க, நான்காம் அத்தியாயம் தரவை மட்டும் சுமந்து நிற்கும். அதைத் தனியே பெயர்த்து அனுப்பினால் தகரம் பறந்துபோன லயம் (தொழிலாளர் வரிசை வீடு) மாதிரித்தான்.

வாதத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். 'நுண்கடன் தோட்டப் பெண்களைப் பாதிக்கிறது' என்பது வாதமல்ல, ஏற்கெனவே தெரிந்த செய்தி. உங்கள் கடிதத்திலேயே அதைவிட நல்லது ஒன்று ஓரமாகக் கிடக்கிறது. வசூல் வாரத்துக்கு ஒருமுறை. சம்பளமோ மாதத்துக்கு ஒருமுறை, நடுவில் ஓர் அட்வான்ஸ். கொழுந்து குறைந்து அரைப்பேர் விழுந்த மாதத்தில் ஒருவரின் தவணையைக் குழுவிலுள்ள மற்றப் பெண்கள் கட்ட நேர்கிறது. அந்த மற்றப் பெண்கள் யார்? மச்சினி, சித்தி, பக்கத்துக் காம்பராக்காரி (அறைக்காரி). ஆகக் கூட்டுப் பொறுப்புக் கடன் உறவுமுறையையே பிணையாக வாங்கிக்கொள்கிறது. இப்படி எழுதினால் பங்களாதேசில் நுண்கடனை ஆராய்பவருக்கும் உங்கள் கட்டுரை வேண்டியிருக்கும்.

அடுத்தது சொற்கணக்கு. பல ஆய்விதழ்களின் எல்லை 8,000 முதல் 10,000 சொற்கள். உசாத்துணைப் பட்டியலையும் அதற்குள் சேர்த்தே சிலர் எண்ணுவார்கள். 8,000 என்றால் நாங்கள் இப்படிப் பிரிப்போம்: அறிமுகம் 900, முன்னைய ஆய்வுகள் 1,200, பின்புலம் 600, முறையியல் 700, களப்பகுதி 3,000, முடிவு 600, உசாத்துணை 1,000. பின்புலத்துக்கு 600 தானா என்று மனம் கேட்கும். மலையகக் கட்டுரைகள் ஊதிப்போவது அந்த இடத்தில்தான். கோப்பியில் தொடங்கி, 1867இல் லூல்கந்துரையில் தேயிலை, 1948 பிரஜாவுரிமைச் சட்டம், 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், எழுபதுகளில் தேசியமயம், 1992இல் முகாமைத்துவம் கம்பனிகளின் கைக்குப் போனது என்று வரிசையாக வந்தால், ஆறாம் பக்கத்தில்தான் முதல் கடன்காரர் வாய் திறப்பார். நுண்கடன் கட்டுரைக்குக் கம்பனிக் காலத்துச் சம்பள முறை கட்டாயம் வேண்டும். 1964 உங்கள் வாதத்தில் ஒரு வேலையும் செய்யவில்லையென்றால் அதை விட்டுவிடலாம். அதற்காக வரலாற்றை மறுத்ததாக எவரும் நினைக்கமாட்டார்கள்.

களப்பகுதியின் 3,000 சொற்களில் இரண்டு, மிஞ்சினால் மூன்று நிகழ்வுகள் போதும். வசூல் நடக்கும் ஒரு பிற்பகலை 400 சொற்களில் முழுமையாக எழுதி, அடுத்த 500 சொற்களில் அதைப் பிரித்துக் காட்டுங்கள். ஒரு மேற்கோளின் காலடியிலேயே இன்னொரு மேற்கோள் வந்தால், நடுவில் ஆய்வாளர் காணாமல் போய்விட்டார் என்று பொருள். மீளாய்வாளர்கள் 'விவரணை' என்று எழுதுவது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான்.

தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். மீளாய்வாளரோ இடத்தைப் பற்றி இன்னும் விவரம் வேண்டும் என்கிறார். விவரம் கூடக் கூட ஆள் வெளியே தெரிகிறாரே?
— வாசகர், பண்டாரவளை

பெயரை மட்டும் மாற்றினால் போதாது. தோட்டத்துக்குக் கம்பனிப் பதிவேட்டில் ஒரு பெயர், ஆட்களின் வாயில் இன்னொரு பெயர். முதலாவதை மாற்றிவிட்டு இரண்டாவதை யாரோ ஒருவரின் மேற்கோளுக்குள் அப்படியே விட்ட கட்டுரைகள் உண்டு. கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீற்றர், பக்கத்தில் இன்ன நீர்வீழ்ச்சி, இன்ன மாதம் திருவிழா என்று மூன்று தகவல் சேர்ந்தால் பதுளை மாவட்டத்தில் வேறு தோட்டம் மிஞ்சாது. '2014 ஒக்டோபரில் மண்சரிவு நடந்த தோட்டம்' என்று எழுதினால் புனைபெயருக்கே வேலையில்லை. அது கொஸ்லந்தை மீரியபெத்தை என்று நாட்டுக்கே தெரியும்.

ஆட்களிலும் அப்படியே. 'ஒரு கொழுந்து எடுக்கும் பெண்' என்பவர் நூற்றில் ஒருவர். ஆனால் கணக்கப்பிள்ளை (வேலை மேற்பார்வையாளர்), மருத்துவமாது, பிள்ளைக்காம்பரா (குழந்தைகள் காப்பகம்) ஆயா, தொழிற்சங்கத் தலைவர் என்றால் ஒரு டிவிசனில் (தோட்டப் பிரிவில்) ஒருவரோ இருவரோதான். பதவியைச் சொன்னதுமே ஆளைச் சொன்னதாகிவிடும். உத்தியோகத்தர் பலர் இருக்கும் இடத்தில் 'தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர்' என்று பொதுவாக்கலாம். அப்படியும் தெரியும் என்றால் அந்தப் பேச்சை மேற்கோளாக்காமல் உங்கள் வாக்கியத்துக்குள் கரைத்துவிடுங்கள்.

யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று முதலில் தீர்மானிப்பது நல்லது. இலண்டனில் இருக்கும் வாசகருக்குப் பெயர் தெரிந்தாலும் யாருக்கும் ஒன்றும் நேராது. ஆபத்து பணிய (கீழ்) லயத்துக்கும் மேட்டு லயத்துக்கும் நடுவில். கணவனுக்குத் தெரியாமல் எடுத்த கடன், சாதி பார்த்துத் தண்ணீர் வாங்க மறுத்த வீடு, துரையை (தோட்ட முகாமையாளரை) பற்றிச் சொன்ன வார்த்தை, இவை அங்கேதான் வெடிக்கும். ஆங்கிலத்தில் எழுதினால் தோட்டத்துக்குப் போகாது என்று இருந்துவிடாதீர்கள். தோட்டத்துப் பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார்கள், கட்டுரையின் பிடிஎப் வட்ஸ்அப்பில் வருகிறது.

வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, லயத்தின் இலக்கம், சம்பவம் நடந்த மாதம் ஆகியவற்றை மாற்றலாம். வாதம் எதில் நிற்கிறதோ அதை மாற்றக்கூடாது: சாதியைப் பற்றிய வாதத்தில் சாதியை, கடனைப் பற்றிய வாதத்தில் தொகையை. இருவரை ஒருவராக்கிய கூட்டுப் பாத்திரம் சில இதழ்களுக்குப் பிடிக்காது. செய்திருந்தால் முறையியல் பகுதியில் சொல்லிவிடுங்கள். உங்கள் மீளாய்வாளருக்கு, 'இடத்தைப் பற்றிய மேலதிக விவரம் பங்குபற்றியவர்களை அடையாளம் காட்டும். அதனால் தொழில் முறை, குடியிருப்பு அமைப்பு பற்றிய விவரத்தைக் கூட்டியுள்ளேன்' என்று பதில் எழுதலாம். அவர் கேட்பது பெரும்பாலும் சூழலைத்தான், வரைபடத்தை அல்ல.

கடைசி நேரத்தில் பார்க்க வேண்டியது நன்றியுரை. உள்ளே முழுக்க ஒளித்துவிட்டு, நன்றியுரையில் இன்ன தோட்டத்து அத்தியட்சகருக்கு நன்றி என்று எழுதுவது நடக்கிறது. ஆய்வேட்டின் தலைப்பில் தோட்டப் பெயர் இருந்தால் நூலகப் பட்டியலில் உங்கள் பெயரைத் தட்டியதும் அது வந்துவிடும். புகைப்படக் கோப்பிலும் எடுத்த இடம் பதிந்திருக்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. காமன் கூத்து (மலையகத்தின் மரபுக் கூத்து) மாஸ்டர் ஒருவர் தன் பெயர் வர வேண்டும் என்று கேட்டால், பாதுகாக்கிறோம் என்று சொல்லி அதை அழிப்பது அவர் கலையைப் பெயரில்லாததாக்கும் வேலை. பெயரோடு வெளியிட அவர் சம்மதித்ததைப் பதிவுசெய்து, பெயரைப் போடுங்கள். அவர் வீட்டுக் கதையை அந்தப் பெயரின் கீழ் எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இலக்கம் கேட்கிறார்கள். களப்பணிக்கு முன் நான் எடுக்கவில்லை. துரையின் அனுமதிக் கடிதம் இருக்கிறது. அதைக் கொடுக்கலாமா?
— வாசகர், தலவாக்கலை

அந்தக் கடிதம் தோட்டத்துக்குள் நுழையக் கிடைத்த அனுமதி. ஆட்களின் சம்மதம் ஆகாது. துரை சொல்லி வந்தவர் என்று நினைத்துப் பேசியவர் சுதந்திரமாகச் சம்மதித்தாரா என்ற கேள்வியைக்கூட அது கிளப்பும். தொழிற்சங்கத் தலைவர் கூட்டிவந்து அறிமுகப்படுத்தினாலும் அதே சிக்கல்தான்.

முடிந்துபோன களப்பணிக்குப் பழைய தேதியிட்டு அனுமதியைக் குழுக்கள் தருவதில்லை. இல்லாத இலக்கத்தை எழுதினால், வெளியான பிறகும் கட்டுரையைத் திரும்பப் பெறுவார்கள். அனுப்புமுன் பதிப்பாசிரியருக்கு நாலு வரி எழுதுங்கள்: அந்நேரம் உங்கள் துறையில் அனுமதி கட்டாயமா இல்லையா, மேற்பார்வை யாருடையது, சம்மதம் எப்படிப் பெற்றீர்கள், தரவு எங்கே இருக்கிறது. சில இதழ்கள் துறைத் தலைவரின் கடிதத்தோடு ஏற்கும், சில ஏற்கா. அடுத்த ஆய்வுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அதில் வாய்மொழிச் சம்மதம் என்று கேளுங்கள்; குடியுரிமைக் கடதாசிகளோடு இத்தனை காலம் அலைந்த சமூகத்தில் கையெழுத்துக் கேட்டதுமே பேச்சு நின்றுவிடும் என்ற காரணத்தைக் குழுக்கள் ஒப்புக்கொள்ளும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனம், மதம், சுகாதாரம் பற்றிய தகவலை விசேட வகையாக வைத்திருக்கிறது. தரவைச் சேமிக்கும் திட்டத்தில் அதையும் கவனியுங்கள்.

'22 பேர் எப்படி முழு மலையகத்தையும் பிரதிநிதித்துவம் செய்வர்?' என்று ஒரு மீளாய்வாளர். 'கோட்பாடு போதாது' என்று மற்றவர். 'கோட்பாடு கூடிவிட்டது' என்று மூன்றாமவர். என்ன செய்வது?
— வாசகி, மாத்தளை

பதிப்பாசிரியர் 'திருத்தி மீண்டும் அனுப்புக' என்று எழுதியிருந்தால் பாதி வழி வந்துவிட்டீர்கள். மீளாய்வாளர் மூவர் எழுதினாலும் முடிவெடுப்பவர் அவர் ஒருவர்தான். முரணை அவரிடமே சொல்லுங்கள்: இருவரும் எதிரெதிராகக் கேட்கிறார்கள், நான் இந்தப் பக்கம் போயிருக்கிறேன், காரணம் இது.

22 பேர் என்ற கேள்விக்கு இன்னும் பத்துப் பேரைச் சேர்ப்பது விடையாகாது. பிரதிநிதித்துவம் உங்கள் ஆய்வின் நோக்கமில்லை என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். பிறகு முறையியலில், எத்தனை மாதம் தங்கினீர்கள், பெரட்டில் (காலையில் வேலை பிரிக்கும் இடம்), கொழுந்து நிறுக்கும் இடத்தில், வசூல் கூட்டத்தில் எத்தனை தடவை இருந்தீர்கள், எந்த மொழியில் பேசினீர்கள், மேற்கோள்களை மொழிபெயர்த்தது யார் என்று விரித்து எழுதுங்கள். கட்டுரைக்குள் 'மலையகப் பெண்கள்' என்று வருமிடமெல்லாம் 'இந்தத் தோட்டத்துப் பெண்கள்' ஆகட்டும். மீளாய்வாளரின் எரிச்சலுக்குப் பாதிக் காரணம் அந்தப் பொதுப்படையான எழுவாய்தான்.

பதில் கடிதத்தில் ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்தெழுதி, கீழே செய்த திருத்தம், பக்க எண். ஏற்காததையும் விடாமல் காரணத்தோடு எழுத வேண்டும். மௌனமாக விட்ட கருத்தைத்தான் அவர் இரண்டாம் சுற்றில் முதலில் தேடுவார். காலம் போதாவிட்டால் தவணை முடியுமுன் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள்.

பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று தினமும் மின்னஞ்சல் வருகிறது.
— வாசகர், நுவரெலியா

ஒரு வாரத்தில் மீளாய்வு நடக்காது, கட்டாதீர்கள். ஐஎஸ்எஸ்என் (இதழ்களுக்கான அடையாள) இலக்கம் தரத்துக்குச் சான்றல்ல, விண்ணப்பித்தால் கிடைப்பது. திறந்த அணுக்க (இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய) இதழ்களின் டிஓஏஜே பட்டியலில் பெயர் இருக்கிறதா, பதிப்புக் குழுவில் உள்ளவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அதைக் குறிப்பிடுகிறார்களா என்று பாருங்கள். நல்ல இதழ்கள் வேறு உண்டு. தேசிய விஞ்ஞான மன்றத்தின் ஸ்ரீலங்கா ஜர்னல் ஒஃப் சோஷல் சயன்சஸ் இங்கேயே இருக்கிறது. தெற்காசியாவுக்கென்றே 2007 முதல் வரும் சமாஜ் இதழ் இணையத்தில் இலவசம். 1957இல் தொடங்கிய கொன்ட்ரிபியூஷன்ஸ் டு இந்தியன் சோசியோலஜியையும் பார்க்கலாம். எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மட்டும் அனுப்புங்கள்.

மேற்பார்வையாளர் தன் பெயரை முதலில் போடச் சொல்கிறார்.
— பெயர் வேண்டாம், கண்டி

களப்பணியும் முதல் வரைவும் உங்களுடையதென்றால் முதல் பெயரும் உங்களுடையது. மேற்பார்வை செய்ததற்கு நன்றியுரை. வாதத்தைக் கட்டவும் எழுதவும் உண்மையாகவே பங்கு கொடுத்திருந்தால் இரண்டாம் பெயர். இதழ் கேட்கும் 'ஆசிரியர் பங்களிப்பு' படிவத்தை அவர் முன்னாலேயே வைத்து, யார் எதைச் செய்தார் என்று இருவருமாக நிரப்புங்கள். அனுப்பிய பிறகு பெயர் வரிசையை மாற்ற எல்லா ஆசிரியர்களின் எழுத்துச் சம்மதத்தையும் இதழ் கேட்கும் என்பதால், இந்தப் பேச்சை அனுப்புமுன்பே முடித்துக்கொள்ள வேண்டும்.