1200 என்று போட்டிருக்கிறதே, 94-க்கு மேல் ஏன் ஏறவில்லை?

கேள்வி: எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு, 200 எம்பிபிஎஸ் திட்டம். இணைப்புடன் கொடுத்த பெட்டியின் வைஃபை உள்ளறைக்கு எட்டாததால், அட்டையில் 1200 என்று போட்ட மலிவு விலை ரௌட்டர் ஒன்றை வாங்கினேன். அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாலும் 94-ஐத் தாண்டவில்லை. ரௌட்டர் பழுதா?
– வாசகர், கும்பகோணம்

பழுதில்லை. 94 என்ற எண்ணே காரணத்தைச் சொல்லிவிடுகிறது.

1200 என்பது கூட்டுக் கணக்கு. வைஃபை அலைவரிசைகள் இரண்டு: 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867. இரண்டையும் சேர்த்து முழு எண்ணாக்கிப் போடுகிறார்கள். வைஃபை பக்கம் எவ்வளவு அகலமாக இருந்தாலும், இணையம் ரௌட்டருக்குள் நுழையும் வாசல் பின்னால் இருக்கும் வேன் (WAN) போர்ட், அதாவது இணையக் கேபிள் செருகும் துளைதான். அது 10/100 வகையாக இருந்தால் 100-தான் உச்சம். தகவலோடு சேர்ந்து போகும் முகவரி, தலைப்பு வகையறாக்கள் கொஞ்சம் எடுத்துக்கொள்ள, கைக்கு வருவது 94 அல்லது 95.

வாங்கும்போது இந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். 10/100 என்று இருந்தால் 100 வரையிலான திட்டத்துக்கு மட்டும். அதற்கு மேல் என்றால் 10/100/1000, அதாவது கிகாபிட் போர்ட் வேண்டும். டிபி-லிங்க் நிறுவனத்தின் ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 இரண்டும் 1200 என்றே விற்பனைக்கு வந்தவை. முதலாவதில் 10/100 போர்ட், இரண்டாவதில் கிகாபிட். சில நூறு ரூபாய் வித்தியாசத்தைப் பார்த்து முதலாவதை எடுப்பவர்கள், 200-க்குக் கட்டணம் கட்டிவிட்டு மாதாமாதம் பாதியை விட்டுக்கொடுக்கிறார்கள். அது வருத்தமான செலவு.

உங்களுடையது கிகாபிட் போர்ட்தான் என்றால், அடுத்த சந்தேகம் ஃபைபர் பெட்டியையும் ரௌட்டரையும் இணைக்கும் கேபிள் மேல். கேபிள் முனையில் இருக்கும் கண்ணாடி போன்ற பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எட்டு வண்ணக் கம்பிகளும் நுனிவரை வந்து உலோகப் பற்களுக்கு அடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். 100 வேகத்துக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று விட்டுப்போனால் பெரும்பாலும் நெட் நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடும். அதனால்தான் இந்தக் கோளாறு பல மாதங்கள் கண்ணில் படுவதில்லை. கேட் 5ஈ (Cat 5e) அல்லது கேட் 6 என்று அச்சிட்ட கேபிளாக மாற்றிப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. சில ஃபைபர் பெட்டிகளில் ஒரு லேன் (LAN) போர்ட், அதாவது வீட்டுக் கருவிகளுக்குக் கேபிள் கொடுக்கும் துளை, மட்டுமே கிகாபிட், மற்றவை 10/100. கேபிள் எதில் செருகியிருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: ஆறு ஆன்டெனா உள்ள ரௌட்டர் இரண்டு ஆன்டெனா உள்ளதைவிட அதிக தூரம் எட்டுமா?
– வாசகர், விருதுநகர்

எட்டும் என்று நம்பி வாங்காதீர்கள். அலையின் சக்திக்கு அரசு வரம்பு உண்டு. ஆன்டெனாவை எண்ணி அந்த வரம்பு உயராது. பரணில், டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோ பக்கத்தில் இருக்கும் ரௌட்டரை வீட்டின் நடுவில் ஆளுயரத்துக்குக் கொண்டுவாருங்கள். முதலில் பலன் தருவது இதுதான். கான்கிரீட் சுவர் இரண்டு குறுக்கே வந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் மிகவும் சோர்ந்துவிடும், அங்கே 2.4 கைகொடுக்கும், வேகம் குறையும். மாடி வீடு என்றால் மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து, இன்னொரு சாதாரண ரௌட்டர் வைப்பதே நிலையான வழி.

கேள்வி: புது ரௌட்டரை ஃபைபர் பெட்டியோடு எப்படி இணைப்பது? இணைத்த பிறகு சிசிடிவி கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க முடியவில்லை என்கிறார்களே?
– வாசகர், ஓசூர்

இரண்டு பெட்டிகளும் தனித்தனியே ஐபி முகவரி (நெட்டில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) பங்கிட்டால் இந்தச் சிக்கல் வரலாம். வெளியிலிருந்து வரும் அழைப்பு முதல் பெட்டியோடு நின்றுவிடும்.

எளிய தீர்வு ஆக்சஸ் பாயின்ட் மோடு. அதில் புது ரௌட்டர் முகவரி பங்கிடாது, வைஃபை மட்டும் தரும். ரௌட்டரின் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள முகவரியை பிரௌசரில் திறந்து, அந்த மோடைத் தேர்வு செய்யுங்கள். அது மறுபடி இயங்கியதும், ஃபைபர் பெட்டியின் லேன் போர்ட்டிலிருந்து கேபிள் கொடுங்கள். பிறகு பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் போன் அதையே பிடித்துக்கொண்டு நிற்கும்.

அந்த மோடு இல்லாத ரௌட்டர் என்றால், பழைய பெட்டியின் முகவரி 192.168.1.1 ஆக இருக்கும்போது புதியதற்கு 192.168.1.2 கொடுத்து, அதில் டிஹெச்சிபியை (DHCP, முகவரி பங்கிடும் வசதி) அணைத்து, கேபிளை வேன் போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் ஃபைபர் பெட்டியின் ரீசெட் துளையைக் குத்தாதீர்கள். நிறுவனம் போட்டுவைத்த அமைப்புகள் அழிந்து, ஆள் வரும்வரை நெட் இருக்காது.

கேள்வி: மின்தடையின்போது நெட் வேண்டும். மினி யுபிஎஸ் எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், தேனி

அடாப்டரின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களைப் பாருங்கள். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும்: 12 என்றால் 12, 9 என்றால் 9. ஆம்ப் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். ஃபைபர் பெட்டி, ரௌட்டர் இரண்டும் ஓட வேண்டும். இரண்டும் 12 வோல்ட், 1 ஆம்ப் என்றால் மொத்தம் 2 ஆம்ப் தருகிற, இரண்டு வெளியீடு உள்ள யுபிஎஸ் தேவை. பின்னின் நடுப்பகுதி பாசிட்டிவ்தானா என்பதை அடாப்டரில் உள்ள வட்டக் குறியில் சரிபாருங்கள்.

தெருவில் கரன்ட் போனாலும் ஃபைபர் பாதையிலுள்ள ஸ்ப்ளிட்டர்களுக்கு (ஒரு இழையைப் பல வீடுகளுக்குப் பிரிப்பவை) மின்சாரம் தேவையில்லை. இணைப்பு தருபவரின் அறையில் பேட்டரி இருக்கும்வரை உங்களுக்கும் நெட் வரும். அதுவும் தீர்ந்துவிட்டால் பெட்டியில் எல்ஓஎஸ் (LOS) விளக்கு, அதாவது சிக்னல் வரவில்லை என்று காட்டும் விளக்கு, சிவப்பாக எரியும். அப்போது உங்கள் யுபிஎஸ்ஸில் குறை தேட வேண்டாம்.