போதும் என்ற சொல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். லண்டனில் முப்பது வருடமாக இருக்கிறேன். என் கணவர் போன வருடம் மோட்டார் நியூரான் என்ற நரம்பு வருத்தத்தில் காலமானார். முதலில் கை போனது. பிறகு பேச்சு போனது. கடைசியில் விழுங்கவும் ஏலாமல் போனது. கடைசிக்கால நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸில் இருந்து வந்தவர்கள் தங்கமான ஆட்கள். வலி என்று அவர் பெரிதாக அவதிப்படவில்லை. ஆனால் கடைசி இரண்டு மாதமும் கண்ணால் எழுத்துப் பலகையைப் பார்த்து ஒரே சொல்லைத்தான் சொன்னார். பலகையில் இங்கிலீஷ் எழுத்துத்தான் இருந்தது. அதில் ஆறு எழுத்தைக் கூட்டி 'போதும்' என்பார். நான் என்ன செய்ய முடியும்?

தீராத நோயாளி தானே விரும்பினால் மருத்துவர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ள விடும் சட்டம் இந்த ஜூன் மாதம் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபையில் வென்ற அன்று நான் தனிய இருந்து அழுதேன். இப்போது மேல்சபையான பிரபுக்கள் சபையில் ஆயிரத்துக்கு மேல் திருத்தம் போட்டு இழுக்கிறார்கள். சனம் தெரிவு செய்யாத ஆட்கள். சாகக் கிடக்கிறவரிடம் "பொறுங்கோ, ஆராய்கிறோம்" என்று சொல்வது என்ன நியாயம்? நீங்கள் முன்பு எழுதிய கட்டுரையில் 'இந்தச் சட்டம் மெதுவாக வருவதே நல்லது' என்று ஒரு வரி இருந்தது. அது என்னைச் சுட்டது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறீர்களா? நான் பிரபுக்களுக்குக் கடிதம் எழுதலாம் என்று இருக்கிறேன். அதில் பலன் உண்டா?

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகி, லண்டன்
டிசம்பர் 2025

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் கையில் வைத்திருந்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அந்த வரி உங்களைச் சுட்டதற்கு வருந்துகிறேன். படுக்கையில் கிடப்பவருக்கு 'மெதுவாக' என்ற சொல் எப்படிக் கேட்கும் என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன். சொன்ன கருத்திலிருந்து முழுதாக விலகவில்லை. ஆனால் அதை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் விதத்தில் சொல்ல வேண்டும்.

முதலில் என் நிலை. இந்தச் சட்டம் வர வேண்டும் என்று நினைப்பவன் நான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தற்கொலை முயற்சி 1961-லேயே குற்றமில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அதற்கு உதவுகிறவருக்கு 14 ஆண்டு வரை சிறை. கையசைக்க முடிந்தவருக்கு ஒரு நியாயம், முடியாதவருக்கு இன்னொன்று. உங்கள் கணவரைப் போன்றவர்களை அது கைவிட்டுவிட்டது. 1936-இல் பிரபுக்கள் சபையில் முதல் மசோதா தோற்றது. 2006-இலும் அங்கேதான் தோற்றது. 2015-இல் கீழ்ச்சபையான காமன்ஸ் சபையில் 330 பேர் எதிர்த்தார்கள், 118 பேர் ஆதரித்தார்கள். 2024 நவம்பர் 29 அன்று தொழிற்கட்சி எம்.பி. கிம் லெட்பீட்டர் கொண்டுவந்த மசோதாவை ஆதரித்தவர்கள் 330 பேர், எதிர்த்தவர்கள் 275 பேர். ஒன்பது ஆண்டில் அதே 330 அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது.

ஆனால் அந்த நவம்பர் வெள்ளிக்கிழமை நடந்ததை நினைத்துப் பாருங்கள். அரசு கொண்டுவந்த மசோதா இல்லை என்பதால் வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. ஏறத்தாழ ஐந்து மணி நேர விவாதம். பேசப் பெயர் கொடுத்தவர்களில் பலருக்கு வாய்ப்பே வரவில்லை. கொறடா கட்டளை கிடையாது, அவரவர் மனசாட்சிப்படி ஓட்டு. பிரதமர் ஸ்டார்மர் ஆதரித்தார், அவருடைய சுகாதார அமைச்சர் ஸ்ட்ரீட்டிங் எதிர்த்தார். எத்தனை பேர் இதைக் கேட்டு வருவார்கள் என்ற அரசின் கணக்கு அன்று யார் கையிலும் இல்லை. அது 2025 மே மாதம்தான் வெளிவந்தது: சட்டம் நடைமுறைக்கு வந்த பத்தாவது ஆண்டில் 1,042 முதல் 4,559 பேர் வரை. குறைந்த கணக்குக்கும் கூடின கணக்குக்கும் நடுவே நாலு மடங்கு இடைவெளி. இப்படி ஒரு சட்டத்தை முதல் ஓட்டிலேயே முடித்துவிட முடியுமா?

முடிக்கவில்லை. அதனால் என்ன கிடைத்தது என்று மட்டும் சொல்கிறேன். ஆறு மாதத்துக்குள் இறக்கக்கூடும் என்று இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே சொன்ன பிறகு உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் அனுமதி தர வேண்டும் என்றுதான் மசோதா முதலில் இருந்தது. மசோதாவை ஆராய்ந்த எம்.பி.க்கள் குழுவில் சாட்சியங்களைக் கேட்ட பிறகு அது மாறி, சட்டம் தெரிந்தவர், மனநல மருத்துவர், சமூகப் பணியாளர் என்று மூவர் குழு வந்தது. நீதிபதியை எடுத்தது பாதுகாப்பைக் குறைத்துவிட்டது என்று சிலர் கோபப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்குள் அழுத்தம் இருக்கிறதா என்பதை நீதிபதியைவிட ஒரு சமூகப் பணியாளர் சீக்கிரம் மோப்பம் பிடிப்பார். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் மருத்துவர் தானாக இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்ற விதியும் விளம்பரத் தடையும் பிறகு வந்தவைதான். உண்ணாமல் பருகாமல் இருந்தே சாவின் விளிம்புக்கு வந்த ஒருவரை 'தீரா நோயாளி' என்று கணக்கிடக் கூடாது என்ற எம்.பி. நாஸ் ஷாவின் திருத்தம் கடைசி நாளில் ஓட்டெடுப்பே இல்லாமல் ஏற்கப்பட்டது. உணவை வெறுக்கும் மனநோயில் சிக்கிய இளம்பெண்களுக்கான காப்பு அது. வடக்கிருந்து உயிர்விட்ட கோப்பெருஞ்சோழனை மெச்சிய மரபில் வந்தவன் நான். அந்தத் திருத்தத்தைப் படித்தபோது, மகன்களோடு பகைத்துப் போய் உட்கார்ந்த அந்த அரசனிடம் ஒருவராவது இருந்து பேசிப் பார்த்தார்களா என்று முதன்முறையாகத் தோன்றியது.

ஜூன் 20 அன்று காமன்ஸ் சபையில் நடந்த இறுதி ஓட்டில் ஆதரவு 314, எதிர்ப்பு 291. வித்தியாசம் 55-இலிருந்து 23 ஆகக் குறைந்தது. பல மாதம் உட்கார்ந்து படித்த பிறகு சிலர் மனம் மாறினார்கள். எனக்கு அது பிடிக்காத மாற்றம்தான். ஆனாலும் படித்து மாறியவர்களை நான் மதிக்கிறேன்.

இப்போது உங்கள் கணவரிடம் வருகிறேன். உங்களுக்கு வலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மசோதாப்படி மருத்துவர் ஊசி போட மாட்டார். மருந்தைத் தயாரித்துத் தரலாம், ஒரு கருவியைப் பொருத்தி வைக்கலாம். கடைசிச் செயலை நோயாளியே செய்ய வேண்டும். 'கருணைக்கொலை' என்று நம் பத்திரிகைகள் எழுதுவதும் இதுவும் ஒன்றில்லை. கையும் போய், விழுங்கும் திறனும் போன ஒருவருக்கு அந்தக் கடைசிச் செயல் எது? கண்ணசைவு போதுமா? கண்ணசைவில் இயங்கும் கருவியை வைத்தால் அவர் வேறெங்கோ பார்க்கும்போது இயங்கிவிடாது என்பதற்கு என்ன உறுதி? இதை விவாதிப்பதை இழுத்தடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். விவாதிக்காமல் விட்டால், சட்டம் வந்த பிறகும் உங்கள் கணவரைப் போன்றவர்கள் வாசலுக்கு வெளியேதான் நிற்பார்கள்.

'போதும்' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் வழியே ஊட்டுவது போதும் என்றாரா, புரட்டிப் படுக்கவைப்பது போதும் என்றாரா, இந்த உயிர் போதும் என்றாரா? உங்களுக்குத் தெரியும். அவரோடு வாழ்ந்தவர் நீங்கள். அவரை ஒருநாள் மட்டும் பார்க்கப்போகும் மூன்று பேருக்கு எப்படித் தெரியும்? நம் வீட்டுக் கிழவர்கள் பேசும் பேச்சை நினைத்துப் பாருங்கள். "போய்ச் சேர்ந்தால் போதும்", "எமன் என்னை மறந்துட்டான்", "உங்களுக்குப் பாரமா இருக்கேன்." என் பாட்டி இருபது வருடம் எமனைக் கூப்பிட்டாள், கூடவே மாத்திரையை நேரம் தவறாமல் விழுங்கினாள். இதே பேச்சை லண்டனில் ஹாரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ ஒரு மருத்துவர் முன்னால் மகள் மொழிபெயர்த்துச் சொன்னால் அது என்னவாகக் கேட்கும்? சொல்லுக்குச் சொல் சரியாக இருக்கும், பொருள் தப்பாக இருக்கும். மொழிபெயர்க்க வருபவர் குடும்பத்து ஆளா, வெளியாளா என்ற ஒரு கேள்விக்காகவே நான் ஒரு வெள்ளிக்கிழமை முழுக்கக் காத்திருப்பேன்.

நான் பயப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் விருதுநகர் பக்கம் வளர்ந்தவன். படுத்த படுக்கையான முதியவரை விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீரைக் கொடுத்து முடித்துவிடும் 'தலைக்கூத்தல்' எங்கள் பக்கத்து வழக்கம். செய்தவர்களைக் கேட்டால் யாரும் கொலை என்று சொல்ல மாட்டார்கள். "அவரே கேட்டார்" என்பார்கள். சில வீடுகளில் அவரே கேட்டும் இருப்பார். தன்னைக் கவனிக்க மகன் கூலியை விட்டுவிட்டு வீட்டில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே கிடக்கிற கிழவர் வேறு எதைக் கேட்பார்? இந்த மசோதாவில் ஒருவரை வற்புறுத்தி விண்ணப்பிக்க வைத்தால் 14 ஆண்டு வரை தண்டனை உண்டு. நல்லதுதான். ஆனால் வாய்விட்டு யாரும் வற்புறுத்தாத வீட்டில் எதைப் பிடிப்பார்கள்?

என் அப்பாவைப் பற்றி எழுதிவிட வேண்டும். 2009-இல் தொண்டைப் புற்றுநோய். மார்ஃபின் எங்கள் ஊரில் கிடைக்கவில்லை. 1985-இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பயந்து மருத்துவமனைகள் அதை வாங்கி வைப்பதையே நிறுத்தியிருந்த காலம், 2014-இல்தான் அந்தப் பிடி தளர்ந்தது. நாங்கள் போன மருத்துவமனையில் சாதாரண வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு "என்னை அனுப்பி வச்சிருடா" என்றார். மதுரையிலிருந்து மருந்து வந்து சேரப் பதினோரு நாளாயிற்று. மருந்து இறங்கிய மூன்றாம் நாள் காலையில் காப்பி கேட்டார், தினத்தந்தி கேட்டார். அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இருந்தார். ஒருமுறைகூட அனுப்பி வை என்று சொல்லவில்லை.

இதனால்தான் அந்த 'மெதுவாக' என்ற சொல் என் பேனாவில் வந்தது. ஆனால் உங்கள் கடிதம் அதை அசைத்துவிட்டது. என் அப்பாவுக்குக் கிடைக்காத எல்லாம் உங்கள் கணவருக்குக் கிடைத்திருக்கிறது. நல்ல ஹாஸ்பிஸ், நல்ல மருந்து, பக்கத்தில் நீங்கள். அதற்குப் பிறகும் அவர் போதும் என்றார். என் அப்பாவை வைத்து உங்கள் கணவருக்குப் பதில் சொல்ல முடியாது. இந்தச் சட்டம் வேண்டும் என்று நான் இன்று சொல்வது அவர் பொருட்டுத்தான்.

ஆகவே பிரபுக்கள் சபை. 'தேர்ந்தெடுக்கப்படாதவர்கள்' என்ற உங்கள் கோபத்தில் எனக்குப் பாதிதான் சம்மதம். இது எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையிலும் சொல்லி ஜெயித்த திட்டமாக வந்த மசோதா இல்லை, அதனால் அவர்கள் கேள்வி கேட்பதில் தவறில்லை. ஆனால் அங்கே திருத்தங்களைப் பொறுக்கி எடுக்கும் சபாநாயகர் கிடையாது, விவாதத்துக்குக் கெடு வைக்கும் தீர்மானமும் கிடையாது. போட்ட திருத்தம் ஒவ்வொன்றையும் பேசலாம். கூட்டத்தொடர் முடிந்தால் மசோதாவும் முடிந்தது. இது தெரிந்தேதான் சிலர் திருத்தங்களைக் குவித்திருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். விண்ணப்பிக்கும் எல்லோரும், ஆண் பெண் வயது வேறுபாடில்லாமல், கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று ஒரு திருத்தம். எண்பது வயது ஆணுக்கு அது எந்தக் காப்பைத் தரும்? மொழிபெயர்ப்பாளர் யார் என்று கேட்க வேண்டிய நேரத்தை இது தின்கிறது. சட்டம் வேண்டாம் என்பவர்கள் எழுந்து நின்று வேண்டாம் என்று ஓட்டுப் போடட்டும். கடிகாரத்தை ஓடவிட்டுச் சாகடிப்பது, சாகக் கிடப்பவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. இந்த இடத்தில் உங்கள் கோபம் முழுக்க என் கோபமும்.

கடிதம் எழுதுங்கள். மசோதாவை அங்கே நடத்துகிற ஃபால்கனர் பிரபுவுக்கு மட்டும் எழுதாதீர்கள், அவர் ஏற்கெனவே உங்கள் பக்கம். எதிர்ப்பவர்களில் நிதானமாகப் பேசுகிற இரண்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து எழுதுங்கள். நியாயம் பேச வேண்டாம், எனக்கு எழுதியதையே எழுதுங்கள். முதலில் எது போனது, பிறகு எது போனது, பலகையில் எத்தனை எழுத்து, அவர் ஒரு எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குப் போக எவ்வளவு நேரம் ஆயிற்று. அந்தச் சொல்லை மட்டும் இங்கிலீஷில் மாற்றிவிடாதீர்கள். அவர் கூட்டிய அந்த ஆறு எழுத்தையும் அப்படியே எழுதி, அடுத்த வரியில் பொருள் சொல்லுங்கள்.

அன்புடன்