மடக்குக் கத்தி வாங்கும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பனியன் கம்பெனி கிடங்கில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க அட்டைப்பெட்டி, நைலான் பட்டை, சணல் கயிறு என்று அறுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பையில் வைத்துக்கொள்ள ஒரு மடக்குக் கத்தி வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால் 499 ரூபாய்க்கும் இருக்கிறது, 3,000 ரூபாய்க்கும் இருக்கிறது. படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. எதை வாங்க? (திருப்பூர் வாசகர்)

பதில்: படத்தில் தெரியாத இடத்தில்தான் விலை வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. அலகு கைப்பிடிக்குள் போய் உட்காரும் அந்த ஓர் அங்குலம்தான் அந்த இடம்.

ஆறு வருடம் முன்பு நானும் 500 ரூபாய்க்குள் ஒன்று வாங்கினேன். கருப்புப் பூச்சு, பார்க்க மிடுக்காக இருந்தது. ஒருநாள் மூட்டை கட்டியிருந்த கயிற்றின் முடிச்சுக்குள் நுனியைச் செருகி நெம்பினேன். பூட்டு வழுக்கியது. அலகு மடங்கி வந்து ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் இறங்கியது. மூன்று தையல். மழை நாளில் அந்த விரல் இன்னும் முழுசாக மடங்காது. பிறகு அந்தக் கத்தியைத் திருகு கழற்றிப் பிரித்துப் பார்த்தேன். அலகைத் தாங்கிப் பிடிக்க வேண்டிய தகடு பிஸ்கட் டப்பா மூடி கனம்தான் இருந்தது. அதுவும் அலகின் அடியை ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் பூட்டைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சந்தையில் நீங்கள் பார்க்கப்போவது பெரும்பாலும் நான்கு வகை. முதல் வகையில் பூட்டே கிடையாது. வில்லின் அழுத்தத்தில் மட்டும் அலகு நிற்கும். நம் ஊர் பேனாக்கத்தியும், மடக்கினால் 91 மில்லிமீட்டர் நீளம் வரும், பல கருவிகள் சேர்ந்த சுவிஸ் கத்தியும் இந்த வகை. பழம் நறுக்கவும் உறை பிரிக்கவும் அருமையாக இருக்கும், ஆனால் குத்துவதற்கும் நெம்புவதற்கும் ஆகாது. இரண்டாவது வகையில் கைப்பிடியின் முதுகுப் பக்கம் ஒரு விசை இருக்கும், அதை அழுத்தினால்தான் மடங்கும். அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964-இல் கொண்டுவந்த 110 என்ற கத்திதான் இதைப் பிரபலமாக்கியது. மூன்றாவதில், அலகைத் திறந்ததும் பக்கவாட்டுத் தகடு ஒன்று நகர்ந்து வந்து அலகின் பின்னால் முட்டுக் கொடுக்கும். நான் வாங்கி ஏமாந்தது இந்த வகை. நன்றாகச் செய்தால் மிக உறுதியானது, மலிவாகச் செய்தால் மிக ஆபத்தானதும் இதுவே. நான்காவது, ஓப்பினெல் என்ற பிரெஞ்சுக் கத்தியில் இருக்கும் சுழல் வளையம். அதைப் பிறகு சொல்கிறேன்.

கடையில் கையில் வாங்கினால் இப்படிப் பாருங்கள். அலகைத் திறந்து, நுனியை இரண்டு விரலால் பிடித்து இடவலமாக அசைக்கவும். ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கத் தகடு வகையானால், அந்தத் தகடு அலகின் அடியில் எவ்வளவு தூரம் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். கால்வாசியிலிருந்து பாதிவரை இருந்தால் நல்லது. விளிம்பை மட்டும் தொட்டாலும் வேண்டாம், மறுபக்கச் சுவர்வரை ஓடியிருந்தாலும் வேண்டாம். கடைசியாக, அலகு மடங்கும் வழியில் விரல் இல்லாதபடி பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து நிதானமாக அழுத்துங்கள். பூட்டு இளகினால் அந்தக் கத்தியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். இணையத்தில் வாங்கினால் வீட்டுக்கு வந்த அன்றே இதைச் செய்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் நாட்கள் கடந்துவிடக் கூடாது.

உங்கள் வேலைக்கு என்று கேட்டால், அட்டைப்பெட்டிக்கு மட்டும் உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் கட்டர் பிளேடே போதும். அட்டை எந்தக் கூர்மையையும் சீக்கிரம் தின்றுவிடும். சணலுக்கும் நைலான் பட்டைக்கும் முதுகுப் பூட்டு உள்ள, மூன்று அங்குலத்துக்கு மேல் போகாத கத்தி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: விளம்பரங்களில் 440, டி2, 8சிஆர்13 என்றெல்லாம் எஃகுப் பெயர் போடுகிறார்கள். ஒன்றும் புரியவில்லை. எது நல்லது? (மதுரை வாசகர்)

பதில்: எஃகு என்ன செய்யும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பவை அதில் உள்ள கரியும் குரோமியமும், அதைச் சூடாக்கிப் பதப்படுத்திய விதமும். கரி கூடினால் கூர்மை நிற்கும், குரோமியம் கூடினால் துரு தாங்கும். 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று மட்டும் எழுதியிருந்தால் சாப்பாட்டுக் கரண்டியும் அதுதான், அறுவைக் கத்தியும் அதுதான்.

440 என்று வெறுமனே போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். அதில் ஏ, பி, சி என்று மூன்று உண்டு. ஏ-யில் கரி 0.60 முதல் 0.75 சதவீதம், சி-யில் 0.95 முதல் 1.20 சதவீதம். நல்ல 440சி-யில் செய்தவர் அந்தக் கடைசி எழுத்தைப் போடாமல் விடமாட்டார். 3சிஆர்13, 420 போன்றவை மெத்தென்ற ரகம். துருப்பிடிக்காது, ஆனால் அடிக்கடி தீட்ட வேண்டும். 8சிஆர்13எம்ஓவி சீன எஃகு, விலைக்கு நியாயமானது. சுவீடனின் 14சி28என் இன்னும் நல்லது. என் பையில் இருப்பது அதுதான். டி2-வில் கரி ஒன்றரை சதவீதம்வரை இருக்கும். கூர்மை நாள்கணக்கில் நிற்கும், ஆனால் முழுத் துருத் தடுப்பு கிடையாது, மழுங்கினால் சாதாரணக் கல்லில் தீட்டி மீட்பது பெரும்பாடு.

அதனால் தீட்டத் தெரியாதவர்களுக்கு நான் விலை உயர்ந்த எஃகைச் சொல்வதில்லை. விக்டோரினாக்ஸ் தன் சுவிஸ் கத்தி அலகை ராக்வெல் அளவில் 56 என்ற மிதமான கடினத்தில்தான் பதப்படுத்துகிறது. 60-க்கு மேல் போகும் கத்திகளோடு ஒப்பிட்டால் இது இளக்கம். ஆனால் வீட்டுத் தீட்டுக்கல்லில் ஐந்து நிமிடத்தில் பழைய கூர்மைக்கு வந்துவிடும். கையோடு வைத்துப் பழகும் கத்திக்கு இது பெரிய குணம்.

தீட்ட 1000 என்று எண் போட்ட தண்ணீர்க் கல் ஒன்று போதும். கல்லிலிருந்து அலகின் முதுகை லேசாகத் தூக்கி, பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில், ஒரே கோணம் மாறாமல் இழுங்கள். ஒரு பக்கம் தீட்டும்போது மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். கட்டை விரலைக் குறுக்காக, விளிம்புக்கு வெளிப்புறமாகத் தடவினால் தட்டுப்படும். அது முழு நீளத்துக்கும் எழுந்த பிறகே பக்கத்தை மாற்ற வேண்டும். முடிவில் பிசிறைப் பழைய தோல் பெல்ட்டில் இழுத்து எடுத்துவிடுங்கள். செய்தித்தாளின் ஓரம் இழுபடாமல் அறுந்தால் சரி. தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் மட்டும் இந்தச் சின்னக் கத்தியைக் கொடுக்காதீர்கள். தண்ணீர் தொடாமல் பொறி பறக்கத் தீட்டும்போது மெல்லிய விளிம்பு நீலம் பாய்ந்துவிடும். அந்த இடத்தில் எஃகின் பதம் போய்விட்டது என்று அர்த்தம்.

கேள்வி: ஓப்பினெல் கத்தியைப் பலர் புகழ்கிறார்கள். கடற்கரை ஊரில் இருக்கும் எனக்குச் சரிவருமா? பெரும்பாலும் பழம் நறுக்கத்தான். (நாகப்பட்டினம் வாசகி)

பதில்: பழம் நறுக்க அதைவிட நல்ல மடக்குக் கத்தியை நான் தொட்டதில்லை. அலகு அவ்வளவு மெல்லியது; மாம்பழத்தில் வைத்தால் சதையை நசுக்காமல் போகும். பிரான்சின் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஓப்பினெல் 1890-இல் செய்யத் தொடங்கிய கத்தி இது. அளவுகளுக்கு எண் உண்டு. 8-ஆம் எண்ணின் அலகு எட்டரை சென்டிமீட்டர், பெரும்பாலோருக்கு அதுவே போதும். கழுத்தில் சுழலும் வளையப் பூட்டு 1955-இல் வந்தது. திறந்து வளையத்தைத் திருப்பிவிட்டால் அலகு மடங்காது.

இதில் கார்பன், ஸ்டெயின்லெஸ் என்று இரண்டு ரகம் விற்கிறார்கள். உங்கள் ஊருக்கு ஸ்டெயின்லெஸ்தான். கார்பன் ரகம் உப்புக் காற்றில் ஒரே இரவில் செம்புள்ளி போடும். மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கினால், பழைய இரும்பு அரிவாள்மணை கறுப்பது போலக் கறுத்து, துண்டிலும் இரும்பு வாடை ஏறும். துடைத்து, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வைக்கும் பொறுமை இருப்பவர்களுக்கு மட்டும் கார்பன்.

இன்னொன்று, கைப்பிடி பீச் மரம். ஐப்பசி மழையில் மரம் ஊறி அலகை இறுக்கிக்கொள்ளும், நகத்தால் இழுத்தாலும் வராது. அப்போது கைப்பிடியின் பின்முனையை மேசையில் தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே தலைநீட்டும். சவாய்க்காரர்களின் பழக்கம் அது. தண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவாதீர்கள்.

கேள்வி: 'டமாஸ்கஸ்' வரிகள் உள்ள மடக்குக் கத்தி 900 ரூபாய்க்கு வருகிறது. அசல்தானா? (ஈரோடு வாசகர்)

பதில்: பெரும்பாலும் அச்சடித்த வரிகள்தான். அலகின் முதுகைப் பாருங்கள். இரண்டு ரக எஃகை அடுக்கி அடித்ததாக இருந்தால் வரிகள் முதுகைத் தாண்டி மறுபக்கம்வரை தொடரும். அச்சாக இருந்தால் விளிம்பில் நின்றுவிடும். மேலை நாட்டார் 'ஊட்ஸ்' என்று அழைத்து வியந்த, அந்தக் கால டமாஸ்கஸ் வாள்களுக்கு மூலமான தென்னிந்திய உருக்கு இதிலிருந்தெல்லாம் வேறுபட்டது, மூசையில் உருக்கி எடுத்தது. உங்கள் மாவட்டத்துக் கொடுமணலிலேயே இரும்பு உருக்கிய உலைகளை அகழ்ந்திருக்கிறார்கள். அந்தப் பெயரை வைத்து 900 ரூபாய்க்கு வரி போட்டு விற்பது எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

கேள்வி: லண்டனில் படிக்கும் மகனுக்கு ஒரு நல்ல கத்தி பரிசளிக்க ஆசை. சட்டச் சிக்கல் வருமா? இங்கே நாம் வைத்துக்கொள்ளலாமா? (திருச்சி வாசகி)

பதில்: அங்கே பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ள அனுமதி உள்ளது பூட்டு இல்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்தைத் தாண்டாத மடக்குக் கத்திக்கு மட்டும். பூட்டு இருந்தால் அளவு சிறியதானாலும் தக்க காரணம் காட்ட வேண்டும். எனவே ஓப்பினெல் 8 வேண்டாம், மடக்கினால் 91 மில்லிமீட்டர் வரும் சுவிஸ் கத்தி பொருந்தும். அங்கேயும் கல்லூரி வளாகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். விமானத்தில் கைப்பையில் வைக்கக் கூடாது, சரக்கில் போடும் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

இந்தியாவில் 2016 ஆயுத விதிகள் பேசுவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் பற்றி. வீட்டு, விவசாயப் பயன்பாட்டுக்கானவை அதிலும் விலக்கு. ஆனால் டெல்லியில் பொத்தானை அழுத்தினால் விரியும் கத்திகளுக்குத் தனி அறிவிக்கை இருக்கிறது. பொத்தான் கத்தி எந்த ஊரிலும் வேண்டாம் என்பது என் கருத்து. கோயில், நீதிமன்றம், பொதுக்கூட்டம் போகும்போது எந்தக் கத்தியையும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: சுவிஸ் கத்தி என்று வாங்கினேன். ஒரு மாதத்தில் கத்தரிக்கோல் வில் உடைந்தது. போலி என்கிறார்கள். விற்றவர் பதிலே சொல்வதில்லை. (சேலம் வாசகர்)

பதில்: பெரிய அலகின் அடியில் நிறுவனப் பெயரும் சுவிட்சர்லாந்து தயாரிப்பு என்ற முத்திரையும் தெளிவாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அலகுகளை மடக்கி விளக்குக்கு நேரே பிடியுங்கள். வில்லுக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் அசலாக இருக்க வாய்ப்பு குறைவு. உறையையும் தேடி எடுங்கள். இறக்குமதிப் பொருளில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, அதிகபட்ச விலை எல்லாம் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அந்த உறையே உங்களுக்குச் சாட்சி.

இணைய விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 2020 இணைய வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரசீது, உறை, உடைந்த வில் மூன்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். கத்தியை அதற்குள் பழுதுபார்க்கக் கொடுத்துவிடாதீர்கள்.