சராசரியும் கைமுதலும்

வணக்கம் ஐயா,

கோலாலம்பூரில் பெட்ரோலியப் பொறியியல் முதுகலை படிக்கிறேன். இந்தப் பருவத்தில் பொருளாதாரமும் இடர் ஆய்வும் கட்டாயப் பாடம். ஒரு பயிற்சிக் கணக்கு: கிணற்றில் எண்ணெய் கிடைக்க 20 விழுக்காடு வாய்ப்பு. கிடைத்தால் நிகர லாபம் 200 மில்லியன் ரிங்கிட், கிடைக்காவிட்டால் நட்டம் 25 மில்லியன். எதிர்பார்ப்பு மதிப்பு, அதாவது வாய்ப்புகளால் எடைபோட்ட சராசரி, 20 மில்லியன் லாபம் என்று வந்தது. தோண்டலாம் என்று எழுதினேன். விரிவுரையாளர் ஓரத்தில் “யாருடைய பணம்?” என்று எழுதிப் பாதி மதிப்பெண்தான் போட்டார். கணக்கு சரிதானே? பொறியாளருக்கு இதெல்லாம் எதற்கு?

ஒரு மாணவி, பிரிக்ஃபீல்ட்ஸ்

அன்புள்ள மாணவிக்கு,

கணக்கு சரி. ஆனால் உங்கள் விரிவுரையாளர் கேட்டதுதான் இந்தப் பாடத்தின் உயிர்.

அந்த 20 மில்லியன் எந்த ஒரு கிணற்றிலும் கைக்கு வராது. ஒன்று 200 வரும், இல்லை 25 போகும். நிறையக் கிணறுகள் தோண்டினால்தான் சராசரி 20 பக்கம் வந்து சேரும். அதுவரை கையில் பணம் நிற்க வேண்டும். 75 மில்லியன் மட்டும் வைத்திருக்கும் சிறிய நிறுவனம் மூன்று தோல்வியோடு முடிந்துவிடும். மூன்றிலும் எண்ணெய் இல்லாமல் போக எவ்வளவு வாய்ப்பு? 0.8-ஐ மூன்று முறை பெருக்குங்கள்: 51 விழுக்காடு. லாபம் என்று கணக்கு சொல்லும் முதலீட்டில் நிறுவனம் மூழ்கிப்போகப் பாதிக்கு மேல் வாய்ப்பு!

இப்போது அதே 75 மில்லியனை 12 கிணறுகளில், ஒவ்வொரு கிணற்றிலும் கால் பங்காகப் போடுங்கள். மொத்த எதிர்பார்ப்பு மதிப்பு, மூன்று முழுக் கிணறுகளுக்கு வருவதுபோலவே, 60 மில்லியன்தான். ஆனால் பன்னிரண்டும் பொய்த்துப்போகும் வாய்ப்பு சுமார் 7 விழுக்காடாக இறங்கிவிடுகிறது. பெரிய நிறுவனங்கள்கூடப் பங்காளிகளோடு சேர்ந்து தோண்டுவதற்கு இது முக்கியக் காரணம். ஒன்று கவனியுங்கள்: கிணறுகள் ஒன்றையொன்று சாராமல் இருந்தால்தான் இந்தப் பெருக்கல் செல்லும். பன்னிரண்டும் ஒரே மூலப்பாறையை (எண்ணெய் உருவாகும் பாறையை) நம்பியிருந்து, அந்தப் பாறை எண்ணெயே தராததாக இருந்தால், பன்னிரண்டும் சேர்ந்தே போகும்.

“யாருடைய பணம்” என்பது நம் நாட்டில் வெறும் பாடக் கேள்வி கிடையாது. 1974 பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் 1976-லிருந்து உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தங்கள் போட்டது. அவற்றில் பொதுவாகத் தேடும் செலவு ஒப்பந்தக்காரர் தலையில். எண்ணெய் கிடைத்தால் உற்பத்தியிலிருந்து செலவை எடுத்துக்கொள்வார். கிடைக்காவிட்டால் போனது போனதுதான். ஒரே கிணறு, ஆனால் ஒப்பந்தத்தின் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து கணக்கு மாறும்.

சரி, பொறியாளருக்கு எதற்கு? அந்த 200 உங்களிடமிருந்து வருவது. இருப்பு எவ்வளவு, எவ்வளவு வேகத்தில் எடுக்கலாம் என்று நீங்கள் சொன்னால்தான் அந்த எண் உருவாகும். 20 விழுக்காட்டைப் புவியியலாளரோடு சேர்ந்து முடிவு செய்வதும் நீங்கள். மனிதர்கள் இதில் அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்கிறார்கள். 1976-ல் கேப்பன் என்ற பெட்ரோலியத் துறைக்காரர் இதை எழுதிக் காட்டினார்: உண்மை விடை பெரும்பாலும் உள்ளே அடங்கும் என்று பொறியாளர்கள் குறித்த வரம்புகளுக்கு வெளியே, அவர்கள் நினைத்ததைவிட மிக அதிகமான தடவை விடை விழுந்தது. என்னைக் கேட்டால் இந்தப் பாடத்தை முதல் பருவத்திலேயே வைக்க வேண்டும். அப்புறம் படிக்கும் ஒவ்வொரு சமன்பாட்டின் விடையையும் ஒற்றை எண்ணாக எழுதாமல் வரம்பாக எழுதும் பழக்கம் வரும்.

உங்கள் கணக்கில் 20 விழுக்காட்டை எடுத்துவிட்டு 10 விழுக்காடு போட்டுப் பாருங்கள். இரண்டரை மில்லியன் நட்டம். லாபம் நட்டமாகத் திரும்பும் இடம் சுமார் 11 விழுக்காடு. அடுத்த வகுப்பில் விரிவுரையாளரிடம், அந்த 20 விழுக்காடு எப்படி வந்தது, 11-க்குக் கீழே இறங்க வழி உண்டா என்று கேளுங்கள்.